இருபது நிமிஷத்தில் முப்பது வருஷம்!

உங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழைய சைக்கிள் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கிறதா? 'அதை எடைக்குப் போட்டுத் தொலையேன்' என்று வீட்டில் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களா? அவசரப்படாதீர்கள். அந்தத் துரு உங்களுக்கு இலவசமாக வந்தது. அதே துருவை ஒரு புது சைக்கிளில் வரவழைப்பதற்கென்றே சாலிகிராமத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குச் சம்பளமும் உண்டு, பேட்டாவும் உண்டு.

அவர்களைப் பார்க்கத்தான் ஒரு புதன்கிழமை காலை வடபழனி மெட்ரோவில் இறங்கினேன்.

ஆற்காடு ரோடு முன்மாதிரி இல்லை. தலைக்கு மேலே அடுத்த மெட்ரோவுக்கான தூண்கள். ஒரு காலத்தில் நட்சத்திரங்களின் காரைப் பார்ப்பதற்காக வெளியூர்க்காரர்கள் கால் கடுக்க நின்ற ரோடு இது. நாகிரெட்டியின் விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்றைக்கு ஆஸ்பத்திரியும் மாலும். ஏவி.எம். வளாகத்தில் 2023-ல் ஒரு மியூசியம் திறந்தார்கள். உள்ளே பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று நிற்கின்றன. நிஜமாகவே வயசான வண்டிகளைப் புதுசாக்கி வைத்திருக்கிறார்கள்!

அங்கிருந்து சாலிகிராமம் சந்துகளுக்குள் புகுந்தால் கதை தலைகீழ். நேற்று வாங்கின சாமானைக் கிழடாக்குகிறார்கள்.

'ப்ராப்பர்ட்டி கம்பெனி' என்றதும் ரியல் எஸ்டேட் என்று நினைக்கிறவர்கள் தாம்பரம் தாண்டிப் போகவும். இங்கே ப்ராப்பர்ட்டி என்றால் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் சாமான்கள். நான் போன ஷெட்டில் வாசலிலேயே ஒரு போலீஸ் ஸ்டேஷன் போர்டும் ஒரு சாராயக்கடை போர்டும் தோளில் கை போட்டுக்கொண்ட மாதிரி சாய்ந்திருந்தன. உள்ளே டயல் சுற்றும் கறுப்பு டெலிபோன்கள் ஒரு வரிசை. ஷட்டர் வைத்த டயனோரா டி.வி. ரெமிங்டன் டைப்ரைட்டர். நீதிபதி நாற்காலி, அதன் மடியில் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு. பரணில் யாருக்கும் சொந்தமில்லாத தாத்தா பாட்டி போட்டோக்கள், கண்ணாடி போட்டு, சந்தனப்பொட்டு வைத்து. எத்தனை படத்தில் எத்தனை ஹீரோக்களுக்கு மூதாதையராக இருந்தார்களோ!

ஷெட்டின் பின்பக்கம் வேப்பமரத்தடியில்தான் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயசு. லுங்கி, பனியன், விரல் நகங்களில் காவி. எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். சுற்றிலும் ஸ்ப்ரே டின்கள். காலி டின்கள் மட்டும் தனியாக ஒரு கோணியில்.

"ஏஜிங் பாக்கவா வந்தீங்க? உக்காருங்க ஸார். அந்த நாற்காலி வாணாம், அது இப்பத்தான் கெளவன் ஆயிக்கினு இருக்கு."

ஏஜிங். இதுதான் தொழிலின் பெயர். செட்டில் அவசரத்துக்கு 'அழுக்குப் பண்றது' என்பார்கள்.

புது மர நாற்காலி. முதலில் கைப்பிடியின் நுனியையும் முன்காலின் கீழ்ப்பகுதியையும் உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு டின்னை ஒரு நிமிஷம் குலுக்கினார். உள்ளே இருக்கும் சின்ன குண்டு கடகடவென்று ஓடி, அடியில் தங்கின நிறத்தைக் கலக்கும். ஒரு அடி தள்ளிப் பிடித்து மேட் பிரவுனில் மெலிசாக ஒரு வீச்சு. ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்தார். மேடான இடமெல்லாம் சுத்தமாகிவிட்டது. இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கிவிட்டது. கடைசியாக ஒரு பிடி முல்தானி மட்டியைப் பழைய காலுறையில் கட்டி, பொத் பொத் என்று தட்டினார். முகத்துக்குப் போடுகிற அதே முல்தானி மட்டிதான். சினிமாவில் தூசி என்றால் இதுதான். ஹாலிவுட்டிலும் இதே வகை மண்தான்.

வாட்சைப் பார்த்தேன். இருபது நிமிஷம். நாற்காலிக்கு முப்பது வயசு.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்ற சமாச்சாரத்தில் மூன்று வருஷம் மூழ்கி எழுந்தவன். வருமான வரிக் கணக்கில் நாற்காலி மேஜைக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் தேய்மானம். ஆயிரம் ரூபாய் நாற்காலி முப்பது வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் 42 ரூபாய்தான் பெறும். இங்கேயோ அதே நாற்காலிக்கு வயசு ஏற ஏற வாடகை கூடுகிறது! எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் பார்த்தால் சாக்பீஸைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "உங்க கணக்குல நாற்காலி முளுசா ஒரே மாதிரி தேயுது இல்ல? அதான் ஸார் தப்பு. எந்தப் பொருளும் ஒரே மாதிரி தேயாது. புதுசா வர்ற பசங்க இதத்தான் பண்றானுங்க. டின்னத் தூக்கி மேலேர்ந்து கீழ வரைக்கும் அடிச்சி விட்டுடறது. அது பளசு இல்ல, பெயின்ட் அடிச்ச அளுக்கு."

பிறகு பாடம் ஆரம்பித்தது. அன்றைய வேலை ஒரு தபால் பெட்டி. ஃபைபரில் செய்தது, ஒரு விரலால் தூக்கலாம். கிராமத்து ஆலமரத்தடியில் நாற்பது வருஷம் நின்ற பெட்டியாக மாற வேண்டும்.

"மூணே கேள்விதான் ஸார். கை எங்க படும்? மழை எங்க நிக்கும்? வெயில் எங்க அடிக்கும்? பதில் தெரிஞ்சா டின்னத் தொடு. தெரியாட்டி தொடாத."

தபால் பெட்டிக்குப் பதில் அவரே சொன்னார். கடுதாசி போடுகிற வாய். ஆயிரம் கை பட்டு அதன் கீழுதட்டில் சிவப்பு போய் வழவழவென்று இருக்கும். பூட்டுத் துவாரத்தைச் சுற்றி, தபால்காரரின் சாவிக்கொத்து கீறின கோடுகள். தலையில் வெயிலுக்கு வெளுத்த ரோஸ் நிறம், காக்கையின் கைங்கரியம். அடிப்பாகத்தில் மழைத் தண்ணீர் தேங்கித் துரு. "அப்புறம் ஒரு முக்கா அடி உசரத்துல ஒரு பக்கமா கொஞ்சம் ஜாஸ்தி துரு வெக்கணும் ஸார்."

"ஏன்?"

"நாய்!"

முதலில் ரெட் ஆக்ஸைடு ப்ரைமர். அதன்மேல் அடர் பிரவுன். காய்ந்ததும் ஸ்பாஞ்சால் ஆரஞ்சை அங்கங்கே ஒற்றினார். இது எல்லாமே துருவின் நிறம். ஆனால் அடியில் மறையப் போகிறது. துரு காட்ட வேண்டிய இடங்களில் மட்டும் தண்ணீர் தெளித்து, சமையலுக்கு வாங்குகிற கல்லுப்பைத் தூவினார். அதற்கு மேலேதான் தபால் பெட்டிச் சிவப்பு.

சிவப்பு காய்ந்ததும் சாக்குத் துணியால் தேய்க்க, உப்புக் கல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்திலெல்லாம் பெயின்ட் பெயர்ந்து, உள்ளேயிருந்து துரு எட்டிப் பார்த்தது. உப்புக் கல் ஒன்று போல் இன்னொன்று இருக்காதே! அதனால் ஓட்டையும் ஒன்று போல் ஒன்று இல்லை. மேல்நாட்டில் பொம்மை டாங்கி செய்கிறவர்கள் இதே வேலைக்குத் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரேயைப் பயன்படுத்துவார்கள். துரு நிறத்தின் மேல் ஹேர் ஸ்ப்ரே, அதன்மேல் தண்ணீர்க் கலவை பெயின்ட். பிறகு ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் ஹேர் ஸ்ப்ரே கரைந்து மேல் பூச்சு பெயர்ந்து வரும்.

துரு வடிந்த கோடுகளை மாஸ்டர் வரையவே இல்லை. நீர்க்கப் பிரவுன் கரைசலை ஆணித் தலைக்குக் கீழே பீய்ச்சி, மேலே தண்ணீரைத் தெளித்து விட்டார். அதுவே இறங்கியது. "தண்ணிக்கித்தான் ஸார் தெரியும், எப்பிடி வடியணும்னு. நாம வரைஞ்சா காமிரா கண்டுபுட்ச்சிடும்."

ஒரு பக்கம் பையன் ஒருவன் தெர்மாகோல் பாறை செய்துகொண்டிருந்தான். மாஸ்டரின் உதவியாளன், இருபது வயசு இருக்கும். தெர்மாகோலில் நேரடியாக ஸ்ப்ரே அடித்தால் டின்னில் இருக்கும் கரைப்பான் அதைத் தின்றுவிடும். அதனால் முதலில் தண்ணீர்க் கலவை டிஸ்டெம்பரால் ஒரு கோட்டிங். ஆனால் பாறைக்குப் பள்ளம் வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே கோட்டிங் இல்லாமல் விட்டு, அங்கே மட்டும் ஸ்ப்ரே அடித்தான். புஸ்ஸென்று உருகி, கடல் அரித்த கல் மாதிரி குழி விழுந்தது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போதும்டா, பாறைக்கி அம்மை போட்டிச்சின்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றார்.

ஸ்ப்ரே பெயின்ட் டின் பிறந்ததே ஒரு தற்செயல்தான். 1949-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எட்வர்ட் ஸீமோர் என்ற பெயின்ட் வியாபாரி தன் அலுமினியப் பெயின்ட்டை வாடிக்கையாளர்களுக்கு அடித்துக் காட்டச் சுலப வழி தேடிக்கொண்டிருந்தார். 'டின்னில் அடைத்துப் பீய்ச்சிக் காட்டுங்களேன்' என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி பானி. (மனைவி சொல்வதைக் கேட்பது பற்றி இதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.) பழசைப் புதுசாக்கிக் காட்டுவதற்காக வந்த டின். அதை வைத்துப் புதுசைப் பழசாக்குகிறது சினிமா.

1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' விண்வெளிக் கப்பலையே அழுக்கும் கீறலுமாகக் காட்டியது. அதுவரை சினிமாவில் எதிர்காலம் என்றாலே பெரும்பாலும் பளபளப்புதான். நம் ஊரில் அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1987-ல் வந்த 'நாயகன்' படத்தில் நாம் பார்த்த பம்பாய் தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி போட்ட செட். தேசிய விருது கிடைத்தது. 1996-ல் தமிழில் 'சிறைச்சாலை'யாக வந்த 'காலாபானி'க்காக சாபு சிரிலுக்கும் அதே விருது. விருது ஆர்ட் டைரக்டருக்கு, நியாயம்தான். ஆனால் அந்தத் தகரத்திலும் சுவரிலும் வயசை ஏற்றிய கைகள் எத்தனை என்று டைட்டிலில் எண்ணிப் பார்க்க முடியாது.

"நம்ம வேல நல்லாருந்தா யாருக்கும் தெரியாது ஸார். தெரிஞ்சிதுன்னா நல்லால்லன்னு அர்த்தம்" என்றார் மாஸ்டர். ஆபீஸில் லெட்ஜர் எழுதும் ஒவ்வொருவருக்கும் இந்த வரி புரியும்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு படத்துக்காகச் செய்துகொண்டிருந்த திண்ணையைக் காட்டினார். ப்ளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும்தான். சுவரில் ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக எண்ணெய்ப் பிசுக்கு.

"இது என்ன மாஸ்டர்?"

"தாத்தா தல வெச்ச எடம் ஸார்."

சட்டென்று எங்கள் ஊர்த் திண்ணை ஞாபகம் வந்தது. அந்த வட்டம் அங்கேயும் இருந்தது. தூணைக் காட்டினார், இடுப்புயரத்தில் வெள்ளையாக நாலைந்து கோடு. வெற்றிலை போடுகிறவர் மிச்சச் சுண்ணாம்பை விரலோடு தேய்த்த தடம். விளக்கு மாடத்துக்கு மேலே கரி. அது மட்டும் பொய்யில்லை, நிஜமாகவே ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துப் பிடித்த கரி. வாசல் படியில் நடுப்பாகம் மட்டும் லேசாகக் குழி. ஓரத்தில் கால் வைத்து யார் ஏறப் போகிறார்கள்?

அங்கே யாருமே குடியிருந்ததில்லை. ஆனால் ஒரு குடும்பம் இப்போதுதான் எழுந்து உள்ளே போனது மாதிரி இருந்தது.

இன்னொரு விஷயமும் சொன்னார். பீரியட் படம் என்றதும் எல்லாவற்றுக்கும் துரு கேட்கிறார்களாம். 2008-ல் வந்த 'சுப்ரமணியபுரம்' 1980 மதுரையில் நடக்கிறது. அதைப் பார்த்த பிறகு எண்பதுகள் கேட்டு ஆள் மேல் ஆள். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்ததும் எழுபதுகளின் வடசென்னை. "எம்பதுல நடக்கற கதையில எளுபத்தொம்போதுல வாங்கின சைக்கிள் புத்தம் புதுசாத்தான ஸார் இருக்கணும்? அதும்மேல துரு அடின்றான். நமக்குத்தான் அது பளசு. அதுல போறவனுக்கு அது புதுமாப்ள சைக்கிளு."

யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டிலேயே பாட்டி காலத்து அண்டாவும் போன தீபாவளிக்கு வாங்கின மிக்ஸியும் ஒரே ஷெல்ஃபில்தானே இருக்கின்றன!

இதில் வியாபாரக் கணக்கு வேறு இருக்கிறது. வாடகைச் சாமான் திரும்பி வர வேண்டும். இந்த வாரம் கொலை நடந்த வீட்டு நாற்காலி, அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸில் இருக்க வேண்டும். அதனால் வாடகைப் பொருளுக்குக் கழுவினால் போகிற அழுக்கு. தண்ணீரில் கரைகிற கலர்ப் பொடி, முல்தானி மட்டி. கம்பெனி வாங்கி வைத்துக்கொண்ட பொருளுக்குத்தான் போகாத அழுக்கு. பைல் கட்டுகளுக்கு டீ டிகாக்‌ஷனை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் அடிக்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் முதலில் தொடுவது ஓரத்தைத்தானே!

உங்கள் ஆபீஸ் நாடகத்துக்கோ, காலனி கொலுவுக்கோ இதைச் செய்து பார்க்க ஆசையிருந்தால் ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். பழைய டின்களில் இருந்த வாயு ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதை ஒழித்துக் கட்டினார்கள். இப்போது பெரும்பாலும் சமையல் காஸ் வகையறாதான் உள்ளே இருக்கிறது. பக்கத்தில் பீடி, ஊதுவத்தி, ஸ்டவ் எதுவும் கூடாது. வெயிலில் நிறுத்தின காருக்குள் டின்னை வைக்காதீர்கள். காலி டின் என்று ஆணியால் குத்தாதீர்கள். அடித்து முடித்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தரம் அழுத்தினால் வெறும் வாயு வரும்; மூக்கு அடைக்காது.

டின்னின் மூக்கைச் சொல்கிறேன். மனுஷர் மூக்கு வேறு கதை.

மாஸ்டர் பேசும்போது நாலு வாக்கியத்துக்கு ஒரு தரம் இருமினார். வறட்டு இருமல். டாக்டர் ஸ்ப்ரேயை விடச் சொல்லிவிட்டாராம். காலையிலிருந்து அவர் மூக்கில் கட்டியிருந்தது ஒரு துண்டு. துண்டு பெயின்ட் தூளைக் கொஞ்சம் நிறுத்தும். தின்னர் ஆவியை நிறுத்தாது. துணி மாஸ்க்கும் நிறுத்தாது. அதற்கு இரண்டு பக்கமும் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் தனியாக இருக்கிறது. அந்த மாஸ்க்கும் ஷெட்டில் இருந்தது. ஆணியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தொங்கியது. அத்தனை கிழட்டுச் சாமானுக்கு நடுவில் புதுசாக இருந்தது அது ஒன்றுதான்.

"பையன் வாங்கிக் குட்த்தான் ஸார். போட்டா மூச்சு முட்டுது."

பையன் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கும் அதே வேலைதான். கம்ப்யூட்டரில் செய்த லாரிக்குக் கம்ப்யூட்டரிலேயே துரு ஏற்றுவது. ஏ.ஸி. அறை, வாசனை கிடையாது. முன்பெல்லாம் செட்டுக்கு ஏழெட்டு ஏஜிங் ஆட்கள் போவார்களாம். இப்போது அந்தத் தெருவின் முன்பாதியை மட்டும் போட்டால் போதும், மிச்சத்தைப் பையனின் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

"வருத்தமா இருக்கா மாஸ்டர்?"

"எதுக்கு? ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்றான். 'நைனா, டேங்கர் லாரில துரு மொதல்ல எங்கேர்ந்து ஆரம்பிக்கும்?'னு கேக்கறான். நான் சொல்றேன். அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதில்ல?" என்றவர், இருமல் அடங்கினதும் சேர்த்துக்கொண்டார். "இவன்தான் ஸார் பாவம். இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

தெர்மாகோல் பையனைத்தான் சொன்னார். அவன் கைக்குட்டைகூடக் கட்டாமல் பாறையின் மேல் குனிந்திருந்தான். சுற்றிலும் ஒரு கறுப்பு மேகம்.

எனக்குத் தெரிந்தது கணக்குதான். கோணியில் இருந்த காலி டின்களை எண்ணினேன். இருபத்திரண்டு. அன்று ஒரு நாளைக்கு. அந்தப் பணத்தில் இதே மாதிரி இன்னொரு மாஸ்க் வாங்கிப் பாக்கியும் மிஞ்சும். தபால் பெட்டிக்கு வருஷம் ஏற்றும் செலவு படத்தின் பட்ஜெட்டில் எழுதப்படுகிறது. பெட்டிக்கு வருஷம் ஏற்றுகிற ஆளின் நெஞ்சுக்குள் ஏறும் வருஷம் எந்தப் பத்தியிலும் இல்லை. அதற்குத் தேய்மான விகிதம் எங்கள் பாடப் புத்தகத்தில் கொடுக்கவில்லை.

இதை அப்படியே மாஸ்டரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் ஆணியிலிருந்து மாஸ்க்கை எடுத்து, உறையைப் பல்லால் கிழித்து, பையனைக் கூப்பிட்டு அவன் முகத்தில் மாட்டி, பின்னால் வாரை இழுத்து இறுக்கினார். பையன் வெட்கப்பட்டான்.

"மூச்சு முட்டுது மாஸ்டர்."

"முட்டட்டும்டா. பளகிக்க."

தனக்கு மறுபடி துண்டையே கட்டிக்கொண்டார். "நாளைக்கி இன்னொண்ணு வாங்கியாறச் சொல்றேன் ஸார், மேனேஜருகிட்ட. நீங்களும் போற வழில ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

போகிற வழியில் சொன்னேன். மேனேஜர் பில் புத்தகத்தின் ஓரத்தில் 'மாஸ்க் - 1' என்று எழுதிக்கொண்டார். '2' என்று திருத்தச் சொல்லி, திருத்துகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மெட்ரோவுக்கு நடந்தேன்.